கருவி முந்தியது, சட்டம் பிந்தியது: கேரள மக்களாட்சி வரலாற்றில் மின்னணுத் தொழில்நுட்பம்

முன்னுரை

மக்கள் தம் விருப்பத்தைத் தெரிவித்தல், அவ்விருப்பம் பிழையின்றி எண்ணப்படுதல், ஆள்வோரைத் தடையின்றி வினவுதல் ஆகிய மூன்றும் மக்களாட்சியின் அடிப்படைச் செயல்கள். இம்மூன்றும் ஏதேனும் ஒரு கருவியைச் சார்ந்தே நிகழ்கின்றன. ஓலையும் குடமும், தாளும் பெட்டியும், அச்சும் இதழும் என்று காலந்தோறும் கருவிகள் மாறிவந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மின்னணு இயந்திரமும் கணினியும் இணையமும் அவ்விடத்தைப் பெற்றன.

இம்மாற்றத்தை ஆராய்வதற்குக் கேரளம் பொருத்தமான களமாகும். இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகத் தேர்தலில் பயன்பட்டது இம்மாநிலத்தில்தான். 1990இல் திருவனந்தபுரத்துக் காரியவட்டத்தில் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா ஆகும். ஆட்சித் தலைநகரும் கணினித் தொழிலின் தலைநகரும் ஒன்றாகவே அமைந்துவிட்ட இந்நகரில், கருவியைப் பற்றிய கேள்வி ஆட்சியைப் பற்றிய கேள்வியாக மாறும் நிகழ்வுகள் பல நடந்துள்ளன.

தொழில்நுட்பம் மக்களாட்சியை வளர்க்கும் என்பாரும் கெடுக்கும் என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளுக்கும் அப்பால், கருவி முதலில் வந்து சட்டம் பின்னர் வரும்போது அவ்விடைவெளியில் என்ன நிகழ்கிறது என்பதை வாக்கு, கருத்துரிமை, தனிமனிதத் தரவு, இணைய இணைப்பு என்னும் நான்கு களங்களில் இக்கட்டுரை ஆராய்கிறது.

குடவோலை தரும் அளவுகோல்

வாக்குக் கருவியைப் பற்றிய தமிழ்ச் சான்றுகள் பழைமையானவை. மருதன் இளநாகனார் பாடிய அகநானூற்று 77ஆம் பாடல், கயிற்றால் பிணிக்கப்பட்ட குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கத்தை உவமையாக ஆள்கிறது. முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அந்நடைமுறையை விரிவாக விளக்குகின்றன.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. குடம் அவையோர் அனைவரும் காணுமாறு உயர்த்திக் காட்டப்பட்டது. வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் பெற்று வாசித்தார். உடனிருந்தோரும் அதனை வாசித்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதி இழந்தனர்.

இதனை இக்கால மக்களாட்சியோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது. அது நிலவுடைமை பெற்ற பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. பெண்டிரும் நிலமற்றோரும் பிற சாதியினரும் அதில் இடம்பெறவில்லை. ஆயினும் நடைமுறை குறித்து அக்கல்வெட்டு இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. கருவியைப் பயன்படுத்தும் முறை முன்னரே விதியாக எழுதப்பட வேண்டும் என்பது ஒன்று. 919இல் வகுத்த விதியில் குறை காணப்பட்டபோது இரண்டே ஆண்டுகளில் அது திருத்திப் பொறிக்கப்பட்டது. கருவி செயற்படும் விதத்தைப் பொதுமக்கள் தம் கண்ணால் சரிபார்க்க இயல வேண்டும் என்பது மற்றொன்று. விரித்த ஐந்து விரல்களுக்கு வேறு பொருள் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த இயந்திரம் எதிர்கொண்டவையும் இவ்விரண்டு கேள்விகளேயாகும்.

பரவூர்: சட்டமின்றி வந்த இயந்திரம்

தேர்தல் ஆணையம் 1977இல் மின்னணு வாக்குப்பதிவு பற்றிய எண்ணத்தை முன்வைத்தது. ஐதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகம் 1979இல் முன்மாதிரி ஒன்றை உருவாக்கியது. 1980 ஆகஸ்டு 6 அன்று அது அரசியல் கட்சியினருக்குச் செயல்முறையில் காட்டப்பட்டது. பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இவ்வாக்கத்தில் இணைந்தது. அந்நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதா இவ்வியந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர் என்பதைத் தமிழுலகம் நன்கறியும்.

1982 மே 19 அன்று நடைபெற்ற கேரளச் சட்டமன்றத் தேர்தலில், எர்ணாகுளம் மாவட்டத்துப் பரவூர்த் தொகுதியின் 84 வாக்குச்சாவடிகளுள் 50இல் இவ்வியந்திரம் பயன்படுத்தப்பட்டது. எஞ்சிய சாவடிகளில் வழக்கமான வாக்குச்சீட்டு முறையே பின்பற்றப்பட்டது. இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் வேட்பாளர் சிவன் பிள்ளை 30,450 வாக்குகளும் காங்கிரசு வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் 30,327 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 123 வாக்குகள் மட்டுமே.

தோல்வியுற்ற ஜோஸ் தொடுத்த வழக்கைக் கேரள உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் 1984 மார்ச் 5 அன்று தீர்ப்பளித்தது. இயந்திரம் பழுதுடையதா, வாக்குகள் தவறாகப் பதிவாயினவா என்பன அத்தீர்ப்பின் அடிப்படையாக அமையவில்லை. இயந்திரத்தைப் பயன்படுத்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டா என்பதே மையக் கேள்வியாயிற்று. அரசியலமைப்பின் 324ஆம் பிரிவு தேர்தலை மேற்பார்வையிடும் அதிகாரத்தைத் தனக்கு வழங்குவதால் வாக்களிக்கும் முறையையும் தானே தீர்மானிக்கலாம் என ஆணையம் வாதிட்டது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளும் வாக்குச்சீட்டு, வாக்குப்பெட்டி ஆகியவற்றையே கருதி எழுதப்பட்டவை என்றும், சட்டம் பேசும் இடத்தில் ஆணையம் அதற்கு மாறாகச் செயற்பட இயலாது என்றும் நீதிமன்றம் கூறியது. இயந்திரம் பயன்பட்ட 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிடப்பட்டது. 1984 மே மாதம் சீட்டு முறையில் நடந்த மறுவாக்குப்பதிவின் முடிவில் ஜோஸ் வெற்றி பெற்றார்.

முடிவு மாறியதற்கு இயந்திரத்தின் பிழையே காரணம் என்று கருதுதல் தவறாகும். ஈராண்டு இடைவெளியில் வாக்காளரின் மனநிலை மாறியிருத்தல் இயல்பு. ஆனால், அவ்வீராண்டுக் காலமும் பரவூர் மக்களின் சார்பில் சட்டமன்றத்தில் அமர்ந்திருந்தவர் சட்டம் ஏற்காத ஒரு முறையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது வரலாற்று உண்மை. கருவி முந்திச் சட்டம் பிந்தியதன் விலை இதுவாகும். அவ்விலையைக் கொடுத்தவர் வேட்பாளர் இருவர் மட்டுமல்லர். ஒரு தொகுதியின் வாக்காளர் அனைவருமேயாவர்.

நாடாளுமன்றம் 1988இல் சட்டத்தைத் திருத்தி 61அ என்னும் பிரிவைச் சேர்த்தது. அது 1989 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 1998இல் மத்தியப் பிரதேசம், இராசத்தான், தில்லி ஆகியவற்றின் 16 தொகுதிகளில் இயந்திரம் மீண்டும் பயன்பட்டது. 2001இல் கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி, மேற்கு வங்கம் ஆகியவற்றின் சட்டமன்றத் தேர்தல்கள் முழுவதும் இயந்திரத்தின் வழியே நடந்தன. பரவூரில் தொடங்கியது கேரளம் முழுவதும் பரவ 19 ஆண்டுகள் ஆயின. சட்டத்தின் துணையோடு வந்த இயந்திரம் 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதையும் எட்டியது.

சீட்டு திரும்பி வந்தமை

சட்ட ஏற்பு கிடைத்ததும் முதல் அளவுகோல் நிறைவுற்றது. கண்ணால் காணும் சரிபார்ப்பு என்னும் இரண்டாம் அளவுகோல் எஞ்சி நின்றது. வாக்காளர் பொத்தானை அழுத்துகிறார், ஒலி கேட்கிறது, உள்ளே பதிவானது யாருடைய பெயர் என்பதை அவர் காண இயலாது. செருமனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று அளித்த தீர்ப்பு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. தேர்தலின் முதன்மையான படிகளைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க இயல வேண்டும் என்று கூறி, 2005 தேர்தலில் பயன்பட்ட இயந்திரங்கள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என அந்நீதிமன்றம் அறிவித்தது.

இந்தியாவில் 2013 அக்டோபர் 8 அன்று உச்சநீதிமன்றம், வாக்காளர் தம் வாக்கைச் சரிபார்க்கும் ஒப்புகைச்சீட்டு இன்றியமையாதது எனத் தீர்ப்பளித்தது. வாக்களித்தவர் ஏழு நொடி கண்ணாடி வழியே காணும் அச்சீட்டு 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் இடம்பெற்றது. ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிட வேண்டும் என்று அவ்வாண்டு நீதிமன்றம் பணித்தது. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று அது ஏற்கவில்லை.

எனவே, தாளை நீக்க வந்த இயந்திரத்துக்குத் தாளே சான்றாக நிற்க வேண்டியதாயிற்று. இதனைத் தொழில்நுட்பத்தின் தோல்வி என்று கூறுதல் பொருந்தாது. எண்ணும் வேகத்தை இயந்திரம் தரும். நம்பிக்கையைக் காட்சியே தரும் என்னும் பழைய உண்மையின் மீட்சி எனக் கொள்வதே பொருந்தும்.

நிரலைத் திறக்கும் உரிமை

ஒப்புகைச்சீட்டு புறத்தே நிகழும் சரிபார்ப்பு. இயந்திரத்தின் உள்ளே இயங்கும் நிரலைக் காணும் உரிமை குடிமக்களுக்கு உண்டா என்பது அடுத்த கேள்வி. இக்கேள்வியைப் பொதுவெளியில் எழுப்பியதில் திருவனந்தபுரத்துக்குச் சிறப்பிடம் உண்டு. 2001 சூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பங்கேற்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்நகரில் தொடங்கப்பட்டது. ஒரு மென்பொருளை இயக்கவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் பயன்படுத்துவோருக்கு உரிமை உண்டு என்பது இவ்வியக்கத்தின் கொள்கையாகும்.

அதே காலத்தில் கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஒரே தனியார் நிறுவனத்தின் மென்பொருளை அனைத்து மாணவருக்கும் கற்பிப்பதை ஆசிரியர் சங்கத்தினரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் எதிர்த்தனர். படிப்படியாகப் பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அரசின் பணம் மிச்சமாயிற்று என்பது இதன் ஒரு பயன். அரசு பயன்படுத்தும் கருவியின் உள்ளமைப்பு பொதுச்சொத்தாக இருக்கலாம் என்னும் எண்ணம் வகுப்பறை வரை சென்றது என்பது அதனினும் பெரிய பயன்.

ஆனால், வகுப்பறையில் ஏற்கப்பட்ட இக்கொள்கை வாக்குச்சாவடியை எட்டவில்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தின் மூலநிரலைத் தனித்தணிக்கைக்கு உட்படுத்தி வெளியிடுமாறு கோரிய மனுவை 2023இல் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. நிரலை வெளியிட்டால் பாதுகாப்புக் குன்றும் என்பது ஒரு தரப்பு. வெளியிடாவிட்டால் நம்பிக்கை குன்றும் என்பது மறுதரப்பு. குடத்தை உயர்த்திக் காட்டிய சபையோர் இவ்விரண்டுள் எதனைத் தேர்ந்திருப்பர் என்பது வெளிப்படை.

சுதேசாபிமானி முதல் 118அ வரை

வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிகழ்வது. பேச்சு நாள்தோறும் நிகழ்வது. பேசும் கருவியை ஆள்வோர் கட்டுப்படுத்த முயன்ற வரலாறு திருவனந்தபுரத்தில் இணையத்துக்கு நெடுங்காலம் முற்பட்டது. 1891இல் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுத் திருவிதாங்கூர் மன்னரிடம் அளித்த மலையாளி மெமோரியல், பலர் குரலைத் தாளில் தொகுக்கும் ஆற்றலைக் காட்டியது. வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் தொடங்கிய சுதேசாபிமானி இதழ் அவ்வாற்றலை அச்சுக்கு எடுத்துச் சென்றது. அதன் ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளை, திவான் பி. இராசகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் முத்திரையிடப்பட்டுக் கைப்பற்றப்பட்டது. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லப்பட்டார். மன்னரின் ஆணையை எதிர்த்து முறையிட அவருக்கு அடிப்படை உரிமை வழங்கும் அரசியலமைப்பும் இல்லை. அதனைக் காக்கும் நீதிமன்றமும் இல்லை.

நூறாண்டுகளுக்குப் பின் கேரளச் சட்டமன்றம் இயற்றிய 2011ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 118ஆம் பிரிவில் நான்காவதாக அமைந்த உட்கூறு, முறையற்ற வகையில் கூற்று, தொலைபேசி அழைப்பு, செய்தி, மின்னஞ்சல் முதலியவற்றால் ஒருவருக்குத் தொல்லை தருவதை மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தொல்லை என்பது யாது, முறையற்றது எது என்பதற்கு வரையறை தரப்படவில்லை. நடுவணரசின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நுழைந்த 66அ பிரிவும் இத்தகையதே. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கல் வழக்கில் நீதிபதிகள் செலமேசுவர், நரிமன் ஆகியோர் 66அ பிரிவை நீக்கியபோது, கேரளக் காவல் சட்டத்தின் இவ்வுட்கூற்றையும் உடன் நீக்கினர். சொற்களின் பொருள் தெளிவின்றிப் பரந்து கிடப்பின் குடிமகன் எதனைப் பேசலாம் என்று அறிய இயலாமல் அஞ்சி அடங்குவான் என்பது அத்தீர்ப்பின் சாரமாகும்.

ஐந்தாண்டுகளில் அதே சிக்கல் மீண்டும் தோன்றியது. இணையத்தில் பெண்கள் மீது நிகழும் இழிமொழித் தாக்குதல்களைத் தடுக்கப் போதிய சட்டம் இல்லை என்று கூறிய கேரள அரசு, காவல் சட்டத்தில் 118அ என்னும் புதிய பிரிவைச் சேர்க்கும் அவசரச்சட்டத்தைக் கொண்டுவந்தது. 2020 நவம்பர் 21 அன்று ஆளுநர் அதில் கையொப்பமிட்டார். அச்சுறுத்தும், இழிவுபடுத்தும், அவதூறான செய்தியை எவ்வகைத் தொடர்புச் சாதனத்தின் வழியாக வெளியிடுவதும் மூன்றாண்டு வரை சிறைக்குரியதாயிற்று. எவ்வகைச் சாதனம் என்ற சொல்லால் இணையம் மட்டுமன்றி நாளிதழும் அதன் எல்லைக்குள் வந்தது. எதிர்க்கட்சிகளும் இதழியலாளரும் ஆளும் அணியின் ஆதரவாளருமே எதிர்த்தனர். நவம்பர் 23 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டம் நடைமுறைப்படுத்தப்படாது என்று அறிவித்தார். அவ்வாரத்திலேயே மற்றோர் அவசரச்சட்டத்தால் அது நீக்கப்பட்டது.

1910இல் இதழ் மூடப்பட்டது. 2015இல் சட்டம் நீக்கப்பட்டது. 2020இல் அரசே பின்வாங்கியது. இவ்வரிசை குடிமக்களின் உரிமை வளர்ந்தமையைக் காட்டுகிறது. எனினும், இதனை வெற்றி வரலாறாக மட்டும் எழுதுதல் முழுமையாகாது. அவசரச்சட்டத்துக்கு அரசு கூறிய காரணம் பொய்யன்று. இணையத்தில் இழிமொழிக்கு ஆளாகும் பெண்ணுக்கு நீதி வேண்டும் என்பது உண்மையான கோரிக்கை. பரந்த சட்டம் நீங்கியதால் பேசுவோர் காக்கப்பட்டனர். துன்புறுத்தப்படுவோரின் குறை நீங்கவில்லை. துல்லியமான சொற்களால், சட்டமன்றத்தில் விவாதித்து, இரு தரப்பாரையும் காக்கும் விதியை வகுப்பதே மக்களாட்சியின் வழி. அவசரத்தில் எழுதப்பட்ட சட்டம் அவசரத்தில் நீங்கியதால், அப்பெண்ணின் கோரிக்கை தொடங்கிய இடத்திலேயே நின்றது.

நோய்க்காலத்துத் தரவு

கருவி முந்தும் நிலை மிக விரைவாக நேர்ந்தது 2020ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றின்போதாகும். தனிமைப்படுத்தப்பட்டோர், நோய் வாய்ப்பு மிக்கோர் ஆகியோரின் விவரங்களைத் தொகுத்து ஆராய, அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பிரிங்க்ளர் நிறுவனத்தின் மென்பொருளைக் கேரள அரசு பயன்படுத்தியது. அவ்வாண்டு ஏப்ரலில் எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா இதனைக் கேள்விக்கு உட்படுத்தினார். மக்களின் உடல்நல விவரங்கள் அயல்நாட்டு நிறுவனத்திடம் செல்கின்றன. அதற்கு அவர்களின் இசைவு பெறப்படவில்லை. வழக்கு எழுந்தால் நியூயார்க் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்பன முன்வைக்கப்பட்ட கண்டனங்கள். பெருந்தொற்றை எதிர்கொள்ள விரைவு தேவை என்பதும் நிறுவனம் கட்டணமின்றி உதவியது என்பதும் அரசின் மறுமொழி.

1982இல் தேர்தல் ஆணையம் நின்ற இடத்தில் 2020இல் மாநில அரசு நின்றது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்றே அறிவித்திருந்தது. அவ்வுரிமையை நடைமுறைப்படுத்தும் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அப்போது இயற்றப்படவில்லை. உரிமை இருந்தது, கருவியும் இருந்தது, இரண்டையும் இணைக்கும் சட்டம் இல்லை. அவ்விடைவெளியைக் கேரள உயர்நீதிமன்றம் 2020 ஏப்ரல் 24 அன்று ஓர் இடைக்கால ஆணையால் நிரப்பியது. தரவுகளிலிருந்து தனிமனிதரை அடையாளங்காட்டும் கூறுகளை நீக்கிய பின்னரே நிறுவனம் அவற்றை அணுகலாம். தரவு மூன்றாம் தரப்பினரிடம் செல்லக்கூடும் என்பதை மக்களுக்குக் கூறி இசைவு பெற வேண்டும். நிறுவனம் அவற்றை வணிக நோக்கில் பயன்படுத்தலாகாது என நீதிமன்றம் பணித்தது. தரவுகள் திருவனந்தபுரத்திலுள்ள அரசு நிறுவனமான சி-டிட்டின் கட்டுப்பாட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டதாக மே மாதத்தில் அரசு நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது.

எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பரவூர் நிகழ்வுக்கும் 61அ பிரிவுக்கும் இடையே ஆறாண்டுகள் சென்றன. தனியுரிமைத் தீர்ப்புக்கும் தரவுச் சட்டத்துக்கும் இடையேயும் ஆறாண்டுகளே சென்றன. எண்களின் இவ்வொப்புமை தற்செயலானது. அவை காட்டும் பழக்கம் தற்செயலானதன்று.

இணைப்பும் உரிமையும்

மேற்கண்ட களங்களில் அரசு கருவியை ஏற்படுத்த, மக்கள் சட்டத்தைக் கேட்டனர். இணைய இணைப்பைப் பொறுத்தவரை இவ்வரிசை தலைகீழாயிற்று. இதற்குக் கேரளத்தின் கல்வி வரலாறு அடிப்படையாகும். 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு அறிவிக்கப்பட்ட இம்மாநிலத்தில், 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. அவ்வுள்ளாட்சிகளின் கணக்கையும் பதிவுகளையும் கணினிமயமாக்கத் தகவல் கேரள இயக்கம் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்டது. பலவகைக் கட்டணங்களை ஓரிடத்தில் செலுத்த உதவும் பிரெண்ட்ஸ் மையம் 2000இல் இந்நகரில் திறக்கப்பட்டது. வீட்டுக்கு ஒருவரேனும் கணினி அறிவு பெற வேண்டும் என்னும் நோக்குடன் அட்சயா திட்டம் 2002இல் மலப்புறத்தில் தொடங்கியது.

இணையம் குடிமக்களின் உரிமை என்று 2017ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் அறிவித்தார். 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர்நீதிமன்றம் அவ்வறிவிப்புக்குச் சட்ட வலிமை சேர்த்தது. விடுதியில் மாலை வேளையில் கைப்பேசி பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டதை எதிர்த்துக் கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதியும் தனியுரிமையின் பகுதியும் ஆகும் என நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இங்கு உரிமை முன்னர் வந்தது. இருபது இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமில்லா இணைப்புத் தருவதை நோக்கமாகக் கொண்ட கே-ஃபோன் என்னும் அரசின் ஒளியிழை வலைப்பின்னல் 2023 சூன் 5 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாகத் தொகுதிக்கு நூறு குடும்பம் என 140 தொகுதிகளில் 14,000 குடும்பங்களுக்கு இணைப்பு வழங்கத் திட்டமிடப்பட்டது. இருபது இலட்சத்துக்கும் பதினாலாயிரத்துக்கும் இடையிலுள்ள தொலைவு, உரிமை முந்தினாலும் கருவி பிந்தும் என்பதைக் காட்டும்.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி 2022இல் முழு எண்ணியல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அம்முயற்சி மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டு, 2025 ஆகஸ்டு 21 அன்று கேரளம் முழு எண்ணியல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கருவியை இயக்கக் கற்றல் முதற்படி. அதனை வினவக் கற்றல் அடுத்த படி.

தாளுக்கு எழுதிய உரிமை திரைக்கும் உரியதா

இவ்வரலாறு கேரளத் தமிழருக்கும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, இம்மாநிலத்தில் வாழும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதம் எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் உரிமை வழங்கியது. அச்சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் குடிமகன் அரசை அணுகும் வழி தாளும் தபாலுமே. பிறப்புச் சான்று முதல் ஓய்வூதியம் வரை எல்லாம் திரையின் வழி கேட்கப்படும் காலத்தில், கடிதம் என்னும் சொல் திரையில் நிரப்பும் படிவத்தையும் குறிக்குமா?

வாக்குச்சீட்டு என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்குமா என்று 1984இல் எழுந்த கேள்வியின் மறுவடிவம் இது. அன்று உச்சநீதிமன்றம் சட்டத்தின் சொல்லை அதன் எல்லைக்குள் நிறுத்தியது. அதே அளவுகோலை மொழியுரிமைக்கும் பொருத்தினால், தாளுக்கு எழுதப்பட்ட உரிமை திரைக்கு வெளியே நின்றுவிடும். ஒரு மென்பொருளில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் விடப்படாமற் போவதாலேயே, எச்சட்டமும் நீக்கப்படாமல், எவ்விவாதமும் நிகழாமல், ஓர் உரிமை மறைந்துபோகக்கூடும். இடுக்கி, பாலக்காட்டு மலைத்தோட்டங்களிலும் திருவனந்தபுரத்தின் தென்பகுதியிலும் வாழும் தமிழ் முதியவருக்கு இது ஏட்டளவிலான சிக்கல் அன்று. எனவே, சட்டத்தின் சொற்கள் திரையையும் உள்ளடக்குமாறு வெளிப்படையாகத் திருத்தப்படுதல் தேவையாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. பரவூர் வழக்கில் இயந்திரத்தின் தரம் தீர்ப்பின் அடிப்படையாகவில்லை. அதனைப் பயன்படுத்தும் அதிகாரமே அடிப்படையாயிற்று. மக்களாட்சியில் நல்ல கருவியும் சட்டத்தின் ஏற்பின்றி நிலைபெறாது.

2. சட்டம் ஏற்ற பின்னரும் மக்கள் கண்ணால் சரிபார்க்கும் வழி தேவைப்பட்டது. ஒப்புகைச்சீட்டின் வருகை இதற்குச் சான்று. உத்திரமேரூர் விதிகள் இத்தேவையை முன்னரே உணர்ந்திருந்தன.

3. கருத்துரிமைக் களத்தில் தெளிவற்ற சட்டம், சட்டமின்மையைப் போன்றே தீங்கு தருவதாக அமைந்தது. அது பேசுவோரை அஞ்சச் செய்தது; துன்புற்றோரையும் காக்கவில்லை.

4. தரவுக் களத்தில் சட்டமன்றம் வகுக்க வேண்டிய விதியை நீதிமன்றம் இடைக்கால ஆணையால் வகுக்க நேர்ந்தது. எல்லா இடைவெளிகளையும் நீதிமன்றமே நிரப்பும் என எதிர்பார்த்தல் மக்களாட்சிக்கு வலிமையாகாது.

5. இணைய இணைப்பிலும் மொழியுரிமையிலும், அறிவிக்கப்பட்ட உரிமை கருவியின் அமைப்பிலேயே இடம்பெற்றால்தான் பயன் தரும்.

சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளையின் சிலை திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்திலிருந்து நடந்தே சென்று காணும் தொலைவில் நிற்கிறது. அச்சகத்தை மூடிய ஆட்சியும் இன்றில்லை. அவர் பயன்படுத்திய அச்சுப்பொறியின் காலமும் கடந்துவிட்டது. ஆள்வோரின் கையில் புதிய கருவி வரும்போதெல்லாம், இதற்கு ஏற்பளித்தவர் யார், இதனைச் சரிபார்ப்பவர் யார் என்று வினவும் கடமை மட்டும் குடிமக்களிடம் எஞ்சி நிற்கிறது.